கடைசியில் வந்த கூடாது

ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர் ஆப்பரேட்டர் பொது மண்டபத்தில் முதன்முறையாகப் பேசியபோது எழுபத்து மூன்று பேர் கூரையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். முதலில் மேலே போனவள் அவருடைய மனைவி. அந்த ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. பேச்சில் மனசு நிற்காதவர்களுக்கு உடம்பும் தரையில் நிற்காது என்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மண்டபத்தைக் கட்டியவர்கள் அதற்காகவே மின்விசிறிகளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள், ஜன்னல்களுக்கு வலை அடித்திருந்தார்கள், கூரைக்கு வெள்ளையடிக்காமல் விட்டிருந்தார்கள். அடித்தால் எண்ணெய்த் தலைகள் உரசி ஒரே வருடத்தில் கறுத்துவிடும். கவுன்சிலர்கள் பேசும் நாட்களில் ஒவ்வொரு "அவர்களே"வுக்கும் கூட்டம் ஒரு சாண் எழும்பும். தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று முடிப்பதற்குள் பேச்சாளருக்கு எதிரே காலி நாற்காலிகளும் அவற்றின் அடியில் ஜோடி ஜோடியாகச் செருப்புகளும்தான் மிஞ்சும். கைதட்டும் நேரம் வந்ததும் எல்லோரும் மெல்ல இறங்கி, அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ரொம்ப நல்லாப் பேசினீங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆப்பரேட்டருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் "அதாவது". எதைச் சொன்னாலும் அதையே இன்னொரு தரம் விளக்கிச் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும். வேலையில் கெட்டிக்காரர். இருபத்தாறு வருடமாக அந்த மெஷின் அவர் கைக்கு அடங்கி ஓடியது. சத்தத்தை வைத்தே எந்த வால்வு இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாயைத் திறந்தால்தான் வழவழா கொழகொழா. கல்யாணமான மூன்றாம் நாள், தண்ணீர் எப்படி ஐஸ் ஆகிறது என்று மனைவிக்குச் சொல்ல ஆரம்பித்து, "அதாவது" என்று மூச்சு வாங்கி நிமிர்ந்தால், எதிரே அவள் இல்லை, தலைக்கு மேலே ஒரு ஜோடி பாதம் இருந்தது. அதன்பிறகு பத்தொன்பது வருடமும் அப்படியே போயிற்று. அவள் தையல்காரி, மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைப்பவள். புருஷன் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் துணியோடு அப்படியே மேலே போய்விடுவாள். அங்கே பல்பு பக்கத்தில் இருப்பதால் ஊசியில் நூல் கோக்க வசதி என்பாள். அவள் குறை என்று எதுவும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் கட்டினவளே காதில் வாங்காத பேச்சு என்கிற முள் அவருக்குள் குத்திக்கொண்டே இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அவர்களும் மேலே போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவர் மண்டபத்தில் பேசவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு குழாய். ஐஸ் கம்பெனிக்கும் அவர் குடியிருந்த மூன்று மாடி வீடுகளுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தெரு. தண்ணீரை உறையவைக்கும் அம்மோனியா வாயுவின் குழாய் கம்பெனிக் கூரைமேல் ஓடி, தெருமுனையில் வளைந்து இறங்கியது. அந்த வளைவு சரியாக அவர் மனைவியின் தையல் மெஷினுக்கு நேர் எதிரே இருந்தது. அம்மோனியா கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும், அளவுக்கு மீறிப் போனால் ஆளையே முடித்துவிடும். காற்றைவிட லேசானது என்பதால் மேலே ஏறும். ஆகவே அபாயச் சங்கு ஊதினால் மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்கி, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்துவிட வேண்டும். சொல்லவேண்டிய சங்கதி மொத்தமும் இவ்வளவுதான். இதைத் தெருவுக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஓர் அதிகாரி உத்தரவு போட, மேனேஜர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஐந்து பக்கங்களை ஆப்பரேட்டர் கையில் திணித்தார். முதல் பக்கம் கம்பெனி பிறந்த கதை, இரண்டாவது நிறுவனரின் எளிமை, மூன்றாவது வாயுவின் அணு அமைப்பு. நான்காவது பக்கத்தின் நடுவில்தான் சங்கு வந்தது. ஆப்பரேட்டர் தன் பங்குக்கு நாற்பது "அதாவது" சேர்த்தார். நிறுவனர் பிறந்த வருடத்தைச் சொன்னபோதே மனைவி எழும்பிவிட்டாள், அணு அமைப்பில் மேனேஜரும் போய்ச் சேர்ந்தார்.

பதினோராம் நாள் காலை குழாயின் ஒரு மூட்டில் வாயு கொஞ்சம் கசிந்து, வாட்ச்மேன் சங்கை ஊதினார். தெரு மொத்தமும் பதறாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், பிள்ளைகளையும் தலையணைகளையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. தையல்காரி மெஷினின் தலையை மட்டும் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். அன்றைக்குக் காற்று வீடுகளை விட்டு எதிர்ப்பக்கமாக அடித்ததால் எல்லோரும் பிழைத்தார்கள், சிவந்த கண்ணோடும் இருமலோடும் போயிற்று. ஏன் ஏறினீர்கள் என்று ஆப்பரேட்டர் கேட்டதற்கு, நீங்கள்தானே ஏறச் சொன்னீர்கள் என்றார்கள். மனைவியின் தம்பி தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான், அவனுக்கு எதுவும் விளையாட்டுதான்.

"சங்கு ஊதுனா மேல போயிடணும்னு சொன்னீங்க. அது எல்லாருக்கும் நடக்கிறதுதானே மாமா, இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்?" என்றான்.

ஆப்பரேட்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நான்காவது பக்கத்தை எடுத்துப் பார்த்தார். "சங்கொலி கேட்கும்போது குடியிருப்பாளர்கள் எவரும் எக்காரணம் கொண்டும் பதற்றத்தின் காரணமாகத் தத்தம் வீடுகளின் மாடிகளுக்கோ மொட்டைமாடிகளுக்கோ மேலே ஏறிச் செல்லுதல் கூடாது" என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினார். பதினாறு சொல். அதில் காதில் விழுகிற சொற்கள் சங்கு, மாடி, மேலே, ஏறு. தடுக்கிற சொல் பதினாறாவதாக வந்தது, அதற்குள் ஊர் கூரைக்குப் போயிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் முட்டாளில்லை. அவர் வாயால் சொல்லித்தான் அவ்வளவு பேரும் ஏறியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூரைக்கு ஏறி அந்த வளைவைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், சத்தம் சன்னமாக வந்தது. தகடு உள்ளே அரித்துப்போயிருக்கிறது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். புதுக்குழாய் வர இரண்டு மாதம் ஆகும், மீன்காரர்களுக்கு ஐஸ் இல்லாமல் முடியாது, மெஷினை நிறுத்துகிற பேச்சே வேண்டாம், வேண்டுமானால் இன்னொரு முறை மண்டபத்தில் பேசுங்கள் என்று மேனேஜர் பத்தொன்பது நாள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். ஒரு ஷிப்டுக்கு ஒரு தரம் ஏறவேண்டிய இரும்பு ஏணியில் ஆப்பரேட்டர் பத்துத் தரம் ஏறினார். வீட்டில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்தார். மெஷினைப் பின்னறைக்கு மாற்றிக்கொள் என்று மனைவியிடம் சொன்னார். அங்கே வெளிச்சம் கிடையாது, எதற்கு மாற்ற வேண்டும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல "அதாவது" என்று ஆரம்பித்தார், அவள் மேலே போய்விட்டாள். ஊரை விடுங்கள், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல அவரால் முடியவில்லை. இவளை இப்படியே விட்டால் போய்விடுவாள் என்ற பயம் சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி அவரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேச்சு நன்றாயிருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டால் முகத்துக்கு நேரே நன்றாயிருக்கிறது என்பார்கள், பாதம் அப்படி முகஸ்துதி செய்யாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாடிக்கைக்காரர்கள் வருவதற்கு முன், மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஐந்து பக்கங்களையும் வரி வரியாகப் படித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவளுடைய இஞ்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து குதிகால் வரை அளந்து, அவளுடைய சாக்கட்டியாலேயே சுவரில் கோடு போட்டு, எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். கம்பெனி பிறந்த வருடம், இருபத்தெட்டு அங்குலம். நிறுவனரின் எளிமை, நாற்பத்தாறு. அணு அமைப்பு வந்தபோது டேப் போதவில்லை, ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. அவளும் தன் பாட்டுக்குப் பொத்தான் தைத்தபடி, அளவு சரியா பாருங்க, இடது கால் கொஞ்சம் மடங்கியிருக்கு என்று மேலேயிருந்து சொல்வாள். இப்படி ஒரு வாரம் ஓடிற்று. சுவர் பூராவும் கோடு. நாலரைப் பக்கத்தை அவர் அடித்துவிட்டார், ஆனாலும் அவள் முழங்கால் உயரத்துக்குக் கீழே வரவில்லை.

எட்டாம் நாள் தாள் கை தவறிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. குனிந்து தேடிக்கொண்டே அவர் வாய்க்கு வந்ததைப் பேசினார். தனக்கு முன்னால் இருந்த ஆப்பரேட்டரைப் பற்றிய பேச்சு அது. ஒருநாள் கூரையில் கேஸ் கசிந்தது, அந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லை, ஏணியைப் பிடித்துவிட்டார், பிடித்தவர் இறங்காமல் இன்னும் மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினார், மூச்சு முட்டினால் மனுஷனுக்கு மேலே போனால் காற்று கிடைக்கும் என்றுதான் தோன்றும். தாளை எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது மனைவியின் இரண்டு பாதமும் தரையில் இருந்தன. ஊசி பாதித் துணியில் நின்றிருந்தது.

"அப்புறம்?" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் அப்புறம் அதுதான். "அதாவது..." என்று ஆரம்பித்தார், அவள் பந்து மாதிரி எழும்பிப் போனாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், அவள் இறங்கினாள். இதை நான்கு முறை செய்து பார்த்து இருவருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டார். சிகரெட்டை விட்டவனைப் போலக் கையைப் பிசைந்தார், நகத்தைக் கடித்தார், நாக்கு நுனிக்கு வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். ஒரு நாளைக்கு ஒன்பது சொம்புத் தண்ணீர் செலவாயிற்று.

பாக்கி இருந்தது அந்தக் "கூடாது"தான். வரியைச் சுருக்கி "மேலே ஏறாதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் பாதம் அசையவில்லை, ஆனால் "மேலே" என்றதும் அவள் கண் கூரைக்குப் போனதை அவர் கவனித்துவிட்டார். சொல் முடிவதற்குள் கண் ஏறிவிடுகிறதே, காலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"துணியில நாங்க எங்கெல்லாம் வெட்டக் கூடாதுன்னா கோடு போடறோம்? வெட்டற எடத்துலதான் கோடு. நீங்களும் போக வேண்டிய எடத்த மட்டும் சொல்லுங்களேன்" என்றாள் அவள், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே.

அவர் பென்சிலை எடுத்து மேலே என்ற சொல்லையே அடித்தார். கீழே வா, துணியை நனை, சந்தில் திரும்பு என்று மூன்று வரி எழுதினார். தெருவில் காற்று எப்போதும் தெருவோடுதான் அடிக்கும், ஆகவே சைக்கிள் கடைச் சந்தில் திரும்பினாலே காற்றுக்குக் குறுக்கே போனதாக ஆகிவிடும்; அதற்குத் திசை எல்லாம் விளக்க வேண்டியதில்லை. அளந்தார். பூஜ்யம். இன்னொரு முறை அளந்தார். டேப்பைக் குதிகாலுக்கு அடியில் செருகவே முடியவில்லை.

குறித்த நாளில் மண்டபம் நிறைந்தது, வராதவர்களுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது என்று யாரோ வதந்தி கிளப்பியிருந்தார்கள். மைத்துனன் முன்ஜாக்கிரதையாகத் தன்னைச் சைக்கிள் ட்யூபால் நாற்காலியோடு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் பக்கத்தையாவது படியுங்கள் என்று மேனேஜர் காதில் சொன்னார். ஆப்பரேட்டர் மேடையில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தார். ஒரு "அவர்களே" கூடச் சொல்லவில்லை. சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, மரியாதை தெரியாத ஆள் என்றார் பொருளாளர், நாற்காலிகள் லேசாக ஆட ஆரம்பித்தன. அவர் சட்டென்று நின்று, முன்பு இருந்த ஆப்பரேட்டரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். பாதிப் பேருக்கு இருந்தது. ஏணியைப் பற்றிச் சொன்னார். அந்த மனுஷன் அன்றைக்கு ஏறிய படிகள் ஆறு என்றும், இறங்கியிருந்தால் நான்கு படியில் தப்பியிருப்பார் என்றும் சொன்னார். பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி ஊதி அணைத்தார். புகை நேராகக் கூரைக்குப் போயிற்று, இருநூறு தலைகள் அதனோடு நிமிர்ந்தன, இருநூறு பேரும் தரையிலேயே இருந்தார்கள்.

"அது அங்க போகுது. நாம கீழ. சங்கு கேட்டா கீழ வா, துணிய நனை, சந்துல திரும்பு" என்றார்.

அதையே மூன்று முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் அதே சொற்களால். நாலாவது முறை சபையே அவருக்கு முன்னால் சொல்லிற்று. நாக்கில் ஒரே ஒரு "அதாவது" வந்து முட்டியது, மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்து விழுங்கினார். ஆறு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது, நன்றி சொல்லக்கூட மறந்துபோய் இறங்கிவிட்டார். மூன்றாம் வரிசையில் மனைவியின் செருப்பு அவள் காலிலேயே இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டார். மறுநாள் கூட்டிப் பெருக்கியபோது நாற்காலிக் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் அரை அங்குலம் இறங்கியிருப்பது தெரிந்து, கொத்தனாரை வரவழைத்துப் பூசினார்கள்.

அதிலிருந்து எட்டாம் நாள் மத்தியானம் குழாய் வளைவில் வெடித்தது. ஆப்பரேட்டர் ஷிப்டில் இருந்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு கூரைக்கு ஏறி வால்வைப் பிடித்தபோது சங்கு ஊத ஆரம்பித்தது. அந்த வால்வை மூடப் பதினான்கு சுற்று. மூன்றாவது சுற்றில் எதிர் ஜன்னலைப் பார்த்தார். தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது, வாடிக்கைக்காரி ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஜன்னலின் மேல் ஓரத்தில், கூரையிலிருந்து தொங்குகிற மாதிரி, இரண்டு பாதங்கள் தெரிந்தன. அந்தப் பாதங்களை உலகத்தில் அவரைவிட நன்றாக அளந்தவர் யாருமில்லை. அந்த வாடிக்கைக்காரிக்கு மருமகனின் பதவி உயர்வைச் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். அவர் முகமூடிக்குள் கத்தினார், அது அவர் காதுக்குள்ளேயே சுற்றியது. வால்வை விட்டுவிட்டு ஓடினால் தெரு மொத்தமும் போய்விடும், விடாவிட்டால் அவள் போய்விடுவாள். நான்கு, ஐந்து என்று அழுதுகொண்டே சுற்றினார். ஆறாவது சுற்றில் அந்தப் பாதங்கள் கல் விழுவது மாதிரி விழுந்து ஜன்னலுக்குக் கீழே மறைந்தன. பிறகு வெள்ளைப் புகை வந்து ஜன்னலை மூடிவிட்டது. மீதி எட்டுச் சுற்றையும் அவர் எதையும் பார்க்காமல் முடித்தார்.

இறங்கி ஓடிவந்தபோது சைக்கிள் கடைச் சந்தில் தெருவே நின்றிருந்தது, ஒவ்வொரு முகத்திலும் ஈரத்துணி. மைத்துனன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான், ஒரு தலையும் குறையவில்லை. தையல்காரி அடுக்கி வைத்த டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தாள், கணுக்கால் வீங்கியிருந்தது, முகத்தில் யாருக்கோ தைத்து முடித்த சட்டை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. பக்கத்தில் அந்த வாடிக்கைக்காரி மருமகனுக்கு எந்த ஊர் மாற்றல் என்பது வரைக்கும் வந்திருந்தாள்.

"சங்கு கேட்டுச்சு. உடனே 'கீழ வா'ன்னு உங்க குரல் உள்ளுக்குள்ள கேட்டுச்சு, பொத்துனு விழுந்துட்டேன். இவங்களையும் இழுத்துட்டு வந்துட்டேன்" என்றாள்.

ஆப்பரேட்டர் தரையில் உட்கார்ந்து அவளுடைய வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். கேஸ் கண்ணில் பட்டுவிட்டது பாவம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் வரவேண்டிய குழாய் நான்கே நாளில் வந்தது. டாக்டர் தையல்காரியின் காலைக் கட்டிவிட்டு, "மூணு வாரத்துக்கு இந்தக் கால் தரையில படக் கூடாது" என்றார். கடைசிச் சொல்லை அவள் தெளிவாகவே கேட்டுக்கொண்டாள். தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறதே என்று கவலைப்பட்டாள். ஆப்பரேட்டர் அலமாரியைத் திறந்து, ஓரமெல்லாம் அங்குலக் கணக்கு எழுதிய அந்த ஐந்து பக்கங்களை எடுத்தார். ஷிப்டு போக மீதி நேரமெல்லாம் அவற்றை ஆரம்பத்திலிருந்து படித்தார், இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்த "அதாவது"களை எல்லாம் சேர்த்துப் படித்தார். அவள் பல்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு தைத்தாள். கத்தரி வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், அவர் ஸ்டூலில் ஏறிக் கொடுப்பார். அவர் வேலைக்குப் போகும் நேரத்துக்குக் கம்பெனியிலிருந்து மேனேஜரை அனுப்பி வைத்தார்கள், அவரும் நன்றாகவே படித்தார். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆப்பரேட்டர் தாளை மடித்து உள்ளே வைக்கப் போனார்.

"அந்த நிறுவனரோட எளிமைய இன்னும் ஒரு தடவ படிங்க. இந்த ஓரத்தையும் மடிச்சுத் தைச்சுட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி மேலேயிருந்து.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அதாவது" என்று ஆரம்பித்தார்.